மூலம் என்றே அடித்தேன்

என் நட்சத்திரம் மூலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு மூலம் என்றால் மாமனார் உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதை எதுகையோடு ஒரு வரியாகவும் சொல்வார்கள். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். முப்பது வயது வரை என் காதில் போட்டது போதும். என் கையாலும் அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

இதன் விளைவாக, என் அம்மா எனக்கு மாப்பிள்ளை தேடியதெல்லாம் மாமனார் ஏற்கெனவே செத்துப்போன வீடுகளில்தான். தரகர் ஒரு ஜாதகத்தை எடுத்து நீட்டினால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு அப்பா இருக்காகளா?" இருக்கிறார் என்றால் அம்மாவின் முகம் வாடிவிடும். காலமாகிவிட்டார் என்றால், "அப்படியா!" என்று மலர்ந்துவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு, "அடப் பாவமே" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எரிச்சல்தான் அதிகம். மூலம் என்ற பெயரை அம்மா வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள். "அந்த நட்சத்திரம்" என்பாள், அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் விலங்கியலில் பட்டம் வாங்கினேன். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டிடிபி சென்டர் ஒன்றில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். அப்போது நாங்கள் வாடிப்பட்டியை விட்டுக் கோச்சடைக்கு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், பொழுது சாயத் திரும்புவேன். கடைக்காரர் சௌராஷ்டிரர். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிரத்தில் பேசுவார், எங்களிடம் மதுரைத் தமிழ், வாடிக்கையாளரிடம் கோபம் வந்தால் இங்கிலீஷ். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஜாதகம் எல்லாம் அடிப்போம். ஆனால் கடைக்குச் சோறு போட்டது கைடுகள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் எழுதித் தருவார். ஆறாம் வகுப்பு அறிவியலும் அவர்தான், கம்ப்யூட்டர் டிப்ளமோவும் அவர்தான். அதனால் என் ஒரு வாரம் துருவக் கரடியில் தொடங்கி மின்சுற்று வழியாக மாவட்டங்களின் பயிர்களில் போய் முடியும். கல்லூரியில் படித்ததைவிட அந்த நாற்காலியில் நான் படித்தது அதிகம். கோழி கிறுக்கியது போன்ற அவர் கையெழுத்தை எழுத்து எழுத்தாக வாசித்தவள் நான் ஒருத்திதான். பிள்ளைகள்கூட அவ்வளவு கவனமாக வாசித்திருக்க மாட்டார்கள்.

விலங்குகளின் தகவமைப்பு என்ற பாடத்தில்தான் முதல் சண்டை வந்தது. "ஒட்டகம் தன் திமிலில் நீரைச் சேமித்து வைக்கிறது" என்று எழுதியிருந்தார். திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீரை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது அதன் சிறுநீரகமும் மூக்கும். நான் கொழுப்பு என்று அடித்தேன். புரூப் திரும்பி வந்தபோது அதைச் சிவப்பு மையால் அடித்து, நீர் என்று எழுதியிருந்தார். ஓரத்தில், "உள்ளது உள்ளபடி அடிக்கவும்" என்று ஒரு வரி. சரி என்று நீர் ஆக்கினேன். அச்சுக்குப் போகும் கடைசித் தாளை எடுக்கும்போது என் மனது கேட்கவில்லை. மறுபடி கொழுப்பு ஆக்கிவிட்டேன்.

புத்தகம் வந்த அன்றைக்குப் பேராசிரியர் கடைக்கு வந்து குதித்தார். "டைப் அடிக்கிற பொண்ணுக்கு இம்புட்டுத் திமிரா?" என்று கடைக்காரரைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். நான் எழுந்து, பையில் தயாராக வைத்திருந்த என் கல்லூரிப் பாடப்புத்தகத்தைப் பக்கம் விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மாட்டிக்கொண்டு போய்விட்டார். "திமில்ல என்ன இருக்குன்னு கேட்டா, திமிரு இருக்குன்னு காட்டிட்டியேம்மா" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர் ஆனேன். "என்ன டீச்சர், பத்திரிகைல மாப்பிள்ளை பேரு கரெக்டா இருக்கா?" என்பார்.

பேராசிரியர் அடுத்த பதிப்பிலும் கொழுப்பை அப்படியே விட்டுவிட்டார். ஆனால் அதன் பிறகு அவர் அனுப்பிய ஒவ்வொரு கட்டின் முதல் தாளிலும் அந்த வரி இருக்கும், அடிக்கோடு போட்டு: உள்ளது உள்ளபடி அடிக்கவும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். கம்ப்யூட்டர் டிப்ளமோ கைடுக்குப் புதிதாகச் சேர்த்த கடைசிப் பாடம் வந்தது. தலைப்பைப் பார்த்துவிட்டு கடைக்காரர் சிரித்த சிரிப்பில் டீ கீபோர்டில் சிந்தியது. தலைப்பு, "திறந்த மூலம்". ஓப்பன் சோர்ஸை அப்படித் தமிழாக்கியிருந்தார் பேராசிரியர். அதே வாரத்தில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணமாக" என்று ஒரு வைத்தியருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தோம்.

"நோட்டீஸ் எது, பாடம் எதுன்னு பசங்களுக்குத் தெரியாமப் போயிரும் டீச்சர். பேசாம ஓப்பன் சோர்ஸ்னே தமிழ் எழுத்துல போட்டுரு. சார்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். மூலம் என்ற சொல்லைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்கும். நான் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு மென்பொருளை எப்படி எழுதினார்கள் என்று காட்டும் மூல நிரலை மறைக்காமல் வைப்பது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று இருந்தது. எங்கள் கடையில் இருந்த தமிழ் எழுத்துரு மென்பொருள் அதற்கு நேர் எதிர். கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டுக் கட்டையைச் செருகினால்தான் அது திறக்கும். அதில் 'ஸ்ரீ' எழுத்து கோணலாக விழும். வருடக்கணக்காக அந்தக் கோணலை நாங்கள் கையால் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தோம். உள்ளே பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. மறைக்காமல் இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அந்தப் பெயருக்குள் மூலம் இருக்கிறது என்பதும் எனக்குப் பிடித்துப்போனது.

அந்தப் பாடத்தை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா மஞ்சள் பையோடு கடைக்கு வந்தாள். அம்மா கடைக்கு வருவது அபூர்வம். சமயநல்லூரில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம், பையன் நல்ல வேலையில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள், ஜாதகத்தைப் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளையின் அப்பா இருக்கிறாரா என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

"கல்லு மாதிரி இருக்காக" என்றாள் அம்மா. பிறகு என் காதருகே குனிந்தாள். "அதனாலதான் வந்தேன். நட்சத்திரத்த மட்டும் பூராடம்னு போட்டுருத்தா. ராசி மாறாதாம், தனுசு தனுசாவே இருக்குமாம். தரகரு சொல்லிட்டாரு. இருவது நிமிசந்தானே வித்தியாசம்."

அந்த இருபது நிமிடக் கணக்கு எனக்குப் பழசு. இருபது நிமிடம் தள்ளிப் பிறந்திருந்தால் பூராடம் ஆகியிருப்பேன் என்று ஜோசியர் சொன்னதை நினைத்து நினைத்து அம்மா மாய்ந்துபோவாள். அன்றைக்கு எனக்கு முதல்முறையாக ஒரு கேள்வி வந்தது. மூல நிரலைப் பற்றி அடித்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ.

"நான் பொறந்தப்ப நேரம் யாரும்மா பாத்தது? வாடிப்பட்டி வீட்டுலதான் கடிகாரமே கெடையாதே."

"பாசஞ்சர் போச்சுல்ல" என்றாள் அம்மா, இதுகூடத் தெரியாதா என்பது போல. "நீ அழுகுற, பாசஞ்சர் போகுது. ஒங்கப்பாதான் டயத்தக் குறிச்சாக."

சாயங்காலம் வீட்டில் அப்பாவைக் கேட்டேன். எங்கள் வாடிப்பட்டி வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அப்பா வாசலில் நின்றிருக்கிறார், உள்ளே அழுகைச் சத்தம், வெளியே திண்டுக்கல் பக்கம் போகும் பாசஞ்சர். "மறுநா ஸ்டேசனுக்குப் போயி, அங்க போர்டுல அந்த வண்டிக்கு என்ன நேரம் போட்டுருந்துச்சோ அத எழுதிக்கிட்டு வந்தேன்" என்றார்.

"அன்னைக்கு வண்டி சரியான நேரத்துக்கு வந்துச்சாப்பா?"

"அது யாருக்குத் தெரியும்? எம் மகளப் பாக்கத்தான ஓடுனேன், வண்டியவா பாத்தேன்" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். எத்தனை வீடுகள் வேண்டாம் என்றன, எத்தனை முறை அம்மா குரலைத் தாழ்த்தினாள், அத்தனைக்கும் அடியில் இருந்தது ஸ்டேஷன் போர்டில் சாக்பீஸால் எழுதிய ஒரு நேரம். வண்டி இருபது நிமிடம் தாமதம் என்றால் நான் பூராடம். வண்டி வந்த நேரம் சரி என்றால் மூலம். என் தலையெழுத்தை என்ஜின் டிரைவர் எழுதியிருக்கிறார்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அப்ப பூராடந்தான்! எந்தக் காலத்துல பாசஞ்சர் நேரத்துக்கு வந்துச்சு?" மறுநாள் கடைக்காரரிடம் சொன்னபோது அவரும் அதையேதான் சொன்னார். "சும்மா போடும்மா. பொய்யே இல்லையே."

நான் போடவில்லை. எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாததால்தான் போடவில்லை. நம்பிக்கை இருந்திருந்தால் பயந்துபோய் மாற்றியிருப்பேன். ஒட்டகத்தின் திமிலில் கொழுப்பு என்று எனக்குத் தெரியும், திருத்தினேன். அந்த வண்டி தாமதம் என்று எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பூராடம் என்று சொல்லி அந்த வீட்டுக்குள் போனால், மாமனாருக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். அவர் நூறு வயது வாழ்ந்து படுக்கையில் போனாலும், என் சொந்தக்காரர்களில் ஒருத்தர் வாய் தவறி உளறினால் போதும், கொன்றவள் நான்தான் என்று ஆகிவிடும். ஆயுள் முழுக்க ஒரு கிழவரின் இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க நான் தயாராக இல்லை. கல்யாணமே வேண்டாம் என்று நான் சொன்னவள் இல்லை. எனக்குக் கல்யாணம் வேண்டும் என்றுதான் இருந்தது. ஒளிந்துகொண்டு வேண்டாம், அவ்வளவுதான்.

எல்லோரும் என்னைக் கொஞ்சம் வளைந்துகொடு என்றார்கள். தகவமைப்புப் பாடத்தை வருடா வருடம் அடித்தவளிடமே சொன்னார்கள். பச்சோந்தி நிறத்தைத்தான் மாற்றும். பிறந்த நேரத்தை மாற்றாது.

வியாழக்கிழமை மதியம் ஜாதகத்தை அடித்தேன். நட்சத்திரம் என்ற இடத்தில் 'மூலம்' என்று, மற்ற எழுத்துகளைவிட இரண்டு அளவு பெரிதாக, தடித்த எழுத்தில். அதன் கீழே சின்ன எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு: "பிறந்த நேரம், வாடிப்பட்டி ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் இருந்த பாசஞ்சர் ரயிலின் நேரத்தைக் கொண்டு குறிக்கப்பட்டது. அன்று ரயில் தாமதமா என்பது தெரியவில்லை." பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வந்தபோது கடைக்காரர் எடுத்து வாசித்தார். இரண்டு முறை வாசித்தார்.

"நானும் ஆயிரம் ஜாதகம் அடிச்சிருக்கேன் டீச்சர். அடிக்குறிப்பு போட்ட ஜாதகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

தாளை வாங்க வந்த அம்மா, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். கடைக்காரர் உடனே போனை எடுத்து யாருக்கோ சௌராஷ்டிரத்தில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார், எங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள. அவர் எண்ணை அழுத்தவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

"ஒனக்கு என்னடி கேடு? ஒரு வார்த்தைய மாத்துனா ஒன் வாழ்க்கையே மாறும்" என்றாள் அம்மா.

"வேற கடைல போயி அடிச்சுக்கம்மா, நான் தடுக்கல. ஆனா அவுக என்னையக் கேட்டா மூலம்னுதான் சொல்லுவேன்."

அம்மா வேறு கடைக்குப் போகவில்லை. தாளை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சமயநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். ரயில் இருந்த இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, சரிப்பட்டு வராது என்று சொன்னார். அன்றைக்கு நான் அழுதேன். தைரியசாலி அழமாட்டாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில் டிப்ளமோ கைடு அச்சாகித் தயாரானது. 'திறந்த மூலம்' என்றே அடித்திருந்தேன், தலைப்பிலும் உள்ளேயும். புரூப் பார்க்க வந்த பேராசிரியரே கொஞ்சம் தயங்கினார். "பசங்க சிரிப்பாங்களோ?"

"சிரிக்கட்டும் சார். நீங்கதான உள்ளது உள்ளபடி அடிக்கச் சொன்னீங்க" என்றேன்.

முதன்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். தலைப்பு அப்படியே போனது.

புத்தகத்தில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்திருந்தேன். அம்மா தூசி தட்டும்போது எடுத்துப் புரட்டியிருக்கிறாள். "ஏத்தா, என்ன புஸ்தகம் இது? ஒன் நட்சத்திரத்தப் பெருசாப் போட்டுருக்கு" என்று கேட்டாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

நட்சத்திரம் இல்லை என்று சொன்னேன். ஒன்றை எப்படிச் செய்தார்கள் என்று மறைக்காமல் எல்லோருக்கும் காட்டிவிடுவது, தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துச் சொல்லலாம் என்று, எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அம்மா புத்தகத்தை மூடி, முந்தானையால் அட்டையைத் துடைத்தாள்.

"அந்த ரயிலு சமாச்சாரம் மாதிரி" என்றாள்.

"ஆமா, அது மாதிரிதான்."

அம்மா புத்தகத்தை பீரோ மேல் வைக்காமல், வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் பெட்டிக்குள் வைத்தாள்.

அடுத்த தையில் ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. ஜாதகத்தைக் கையில் கொடுக்கும் முன்பே மாப்பிள்ளையின் அத்தை கேட்டுவிட்டாள், "பொண்ணு என்ன நட்சத்திரம்?" நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. அம்மாவின் தாழ்ந்த குரலுக்காகக் காத்திருந்தேன்.

"மூலம்" என்றாள் அம்மா. தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "அதுக்கு என்ன இப்ப?"

அடுப்படியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மாப்பிள்ளையின் அப்பா உயிரோடு, நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் டம்ளரை அவரிடம்தான் நீட்டினேன். அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார். பிறகு வாங்கிக் குடித்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டார். காபியில் சர்க்கரை கம்மி என்று இன்றைக்கும் என்னோடுதான் சண்டை போடுகிறார்.